உடல்மொழி: எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது?

எமது பிரதேசத்தில் இளைஞர்களுக்காக நடத்தப்படும் ஆளுமை விருத்திச் செயலமர்வுகளுக்குச் சென்றவர்கள் ஒரு கணக்கைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். "நாம் தெரிவிப்பதில் 7 வீதம்தான் சொற்கள், 38 வீதம் குரல், 55 வீதம் உடல்மொழி. ஆகவே தொடர்பாடலில் 93 வீதம் சொற்களுக்கு வெளியேதான் நடக்கிறது" என்று வளவாளர் திரையில் ஒரு வட்ட வரைபைக் காட்டுவார். பிள்ளைகளும் கொப்பியில் குறித்துக்கொள்வார்கள். நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பட்டதாரிகள் இதை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் அல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இரண்டு சிறிய ஆய்வுகளை வெளியிட்டார். ஒரு தனிச் சொல்லை அன்பான குரலிலும் வெறுப்பான குரலிலும் ஒலிப்பதிவு செய்து கேட்கச் செய்தார்கள். இன்னொன்றில் முகபாவனைப் படங்களையும் குரலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசியவர் விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதைக் கேட்பவர் எதை வைத்துத் தீர்மானிக்கிறார் என்பதே அங்கு கேட்கப்பட்ட கேள்வி. 7, 38, 55 என்ற எண்கள் அந்தக் கேள்விக்கான விடை மட்டுமே. ஒருவர் தன் உணர்வைப் பற்றிப் பேசாத இடத்தில் இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று மெஹ்ராபியனே பிற்காலத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

இதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. சிங்களம் தெரியாத ஒருவரைச் சிங்களச் செய்தி அறிக்கையின் முன் உட்கார வையுங்கள். வாசிப்பவரின் முகம், குரல், கை அசைவு எல்லாம் அவருக்கு முழுமையாகக் கிடைக்கின்றன. 93 வீதம் என்பது உண்மையென்றால் செய்தியில் ஏறக்குறைய எல்லாமே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் யாரோ இறந்துவிட்டார்கள், ஏதோ விலை கூடிவிட்டது என்பதற்கு மேல் எதுவும் விளங்காது. உரம் எத்தனை ரூபாய் என்பதைக் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லாது. அதற்குச் சொல்தான் வேண்டும்.

அப்படியென்றால் உடல்மொழி முக்கியமில்லையா? மிகவும் முக்கியம்தான். அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லுக்கு வெளியே என்னென்ன இருக்கின்றன?

சொல் சாராத தொடர்பாடல் என்றால் கை அசைவு மட்டுமல்ல. முகபாவம், பார்வை, நிற்கும் விதம், நடை, இருவருக்கிடையிலான தூரம், தொடுகை, உடை, குரலின் வேகமும் உயரமும், ஒருவரைக் காத்திருக்க வைக்கும் நேரம், மௌனம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இதை மேலைநாட்டவர் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே இதற்கு ஒதுக்கி, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் வரும் 71ஆவது அதிகாரம் அரசவையில் முகக்குறிப்பை அறிவது பற்றியது. இன்பத்துப்பாலில் வரும் 110ஆவது அதிகாரம் காதலர் பார்வையைப் பற்றியது. பணியிடத்துக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று என்று வள்ளுவர் பிரித்து வைத்ததாகவே நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

எமது மார்க்க மரபிலும் இதற்கு நிறைய இடமுண்டு. ஒரு மாதத்துக்கு 29 நாளும் வரலாம், 30 நாளும் வரலாம் என்பதை நபி (ஸல்) அவர்கள் எழுத்தறிவில்லாத மக்களுக்குக் கைவிரல்களை விரித்தும் மடக்கியும் காட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தொழுகையில் இமாம் தவறும்போது ஆண்கள் தஸ்பீஹ் சொல்வதும் பெண்கள் கைதட்டுவதும் எல்லோரும் அறிந்த ஏற்பாடு. ஸகரிய்யா (அலை) அவர்கள் பேசாதிருந்த நாட்களில் சைகையால் மக்களுக்கு அறிவித்ததும், மர்யம் (அலை) அவர்கள் தம்மைப் பழித்தவர்களிடம் வாய் திறக்காமல் குழந்தையைச் சுட்டிக்காட்டியதும் குர்ஆன் கூறும் வரலாறுகள். உஸ்மானியர் காலத்து 'மஜல்லா' சட்டத் தொகுப்பு, வாய் பேச முடியாதவரின் வழக்கமான சைகை நாவினால் சொன்னதற்குச் சமம் என்று ஒரு விதியாகவே எழுதி வைத்தது.

இந்த உதாரணங்களில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விரல் காட்டுவதும் கைதட்டுவதும் முன்கூட்டியே இரு தரப்பும் அறிந்த குறிகள். அவற்றுக்குச் சொல்லைப் போலவே திட்டமான பொருள் உண்டு. வயலில் வெட்டு மெஷின் இரைச்சலுக்கு நடுவே வரம்பில் நிற்பவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வதும் இந்த வகைதான். மாறாக, முகம் சுருங்குவது, குரல் தளர்வது, பார்வை கீழே போவது போன்றவை யாரும் பேசி வைத்துக்கொண்ட குறிகள் அல்ல. அவை தாமாக வெளிப்படுகின்றன. பார்ப்பவர்தான் பொருள் கொள்கிறார். பிழைகள் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாம் வகையில்தான்.

குறிகளும் ஊருக்கு ஊர் மாறும். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது சம்மதம். வெளிநாட்டவர் பலருக்கு அது மறுப்பாகத் தெரியும். விரல் நுனிகளை ஒன்றாகக் குவித்து மேல்நோக்கிக் காட்டினால் அரபு நாடுகளில் 'கொஞ்சம் பொறு' என்று பொருள். அதே விரல்களை நாம் வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. கட்டாருக்கும் சவூதிக்கும் போய் வந்த எமது சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் ஒரு விநாடி

என் தொழில் கற்பித்தல் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில், கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வை செய்ய வந்த விரிவுரையாளர் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் இருந்துகொண்டு பாடத்தைக் குறிக்காமல் வகுப்பறையின் வரைபடத்தைக் கீறுவார். பயிற்சி ஆசிரியர் எங்கெல்லாம் நின்றார், யாரைப் பார்த்தார் என்று அதில் புள்ளி வைப்பார். பாடம் முடிந்ததும் தாளை நீட்டுவார். பெரும்பாலான தாள்களில் கரும்பலகைக்கு அருகிலும் முன்வரிசைக்கு முன்னாலும் புள்ளிகள் குவிந்திருக்கும். பின்மூலை வெள்ளையாகக் கிடக்கும். "இந்த மூலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்பார். ஒரு வார்த்தையும் இல்லாமல் அந்த மூலைக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கும்.

அமெரிக்கக் கல்வியியலாளர் மேரி பட் ரோவ் 1970களில் செய்த ஆய்வுகள் இதையே நேரத்தை வைத்து அளந்தன. ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, விடை சொல்லாமல் இருப்போர் குறைந்தனர், மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. இன்னொரு விடயத்தையும் அவர் கண்டார். கெட்டிக்காரர் என்று ஆசிரியர் கருதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது, பலவீனமானவர் என்று கருதும் பிள்ளைக்குக் குறைந்த நேரம் கிடைக்கிறது. யோசிக்க அதிக நேரம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் குறைந்த நேரம்! 'உன்னால் முடியாது' என்று எந்த ஆசிரியரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் அடுத்த பிள்ளையின் பக்கம் தலை திரும்பும் வேகம் அதைச் சொல்லிவிடுகிறது.

1968இல் ரொபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட நூல் ஒன்று ஆசிரியர் உலகில் பெரிய விவாதத்தை எழுப்பியது. ஒரு ஆரம்பப் பாடசாலையில் எழுந்தமானமாகத் தெரிவு செய்யப்பட்ட சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் விரைவில் நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆண்டு முடிவில் கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தனர். அந்த விளைவின் அளவு பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எதிர்பார்ப்பு எந்த வழியாகப் பிள்ளையைச் சென்றடைகிறது என்று ரோசெந்தால் பிறகு விளக்கியபோது, முதலில் வைத்தது புன்னகை, தலையசைப்பு, பார்வை ஆகியவற்றால் உருவாகும் இதமான சூழலைத்தான்.

நாவிதன்வெளிக் கோட்டத்துப் பாடசாலைகளில் இது எங்களுக்கு நூலறிவு மட்டுமல்ல. விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் எம்மிடம் படிக்கிறார்கள். மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் வரவு குறையும். அறுவடை நாட்களிலும் குறையும். நான்கு நாள் வராத பிள்ளை ஐந்தாம் நாள் வகுப்பு வாசலில் நிற்கும்போது ஆசிரியரின் முகத்தில் முதலில் என்ன தெரிகிறது என்பது சிறிய விடயமல்ல. "வா" என்ற சொல் ஒன்றுதான். அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் ஆறாம் நாள் அந்தப் பிள்ளை வருமா என்பது தங்கியிருக்கிறது. இடைவிலகல் பற்றிய கூட்டங்களில் வறுமை, போக்குவரத்து, பெற்றோரின் அக்கறையின்மை என்று காரணங்களை அடுக்குகிறோம். அவை உண்மையான காரணங்கள். அவற்றை ஓர் ஆசிரியரால் உடனே மாற்ற முடியாது. தன் முகத்தை மாற்ற முடியும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. நளினி அம்படி என்ற உளவியலாளர் ரோசெந்தாலுடன் சேர்ந்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆசிரியர்களின் மிகக் குறுகிய காணொளித் துண்டுகளை ஒலியில்லாமல் அறிமுகமற்றவர்களுக்குப் போட்டுக் காட்டி, மதிப்பிடச் சொன்னார். ஒரு பருவம் முழுவதும் அவர்களிடம் படித்த மாணவர்களின் மதிப்பீட்டோடு அது பெருமளவு ஒத்துப்போனது. இதைச் சிலர் நல்ல ஆசிரியரை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லித் திரிகிறார்கள். ஆய்வு காட்டியது, எந்த ஆசிரியரை மற்றவர்களுக்குப் பிடிக்கும் என்பதை அரை நிமிடத்தில் ஊகிக்கலாம் என்பதையே. பிள்ளை என்ன கற்றது என்பது வேறு விடயம்.

கருமபீடத்தின் இரு பக்கங்கள்

அடுத்தது அலுவலகம். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம், அண்ணாமலை போன்ற ஊர்களிலிருந்து மாவட்ட மட்ட அலுவல்களுக்குச் செல்லும் முதியவர்கள் இன்றும் தமக்குத் தெரியாத மொழியில் பேசும் உத்தியோகத்தர் முன் நிற்க நேர்கிறது. சொல் விளங்காத இடத்தில் மனிதன் முகத்தை வாசிக்கத் தொடங்குவான். உத்தியோகத்தர் பத்திரத்தை மேசையில் சற்று வேகமாக வைத்தால் போதும், 'இது கிடைக்காது போல' என்று முடிவெடுத்து அந்த உம்மா எழுந்து வந்துவிடுவார். உண்மையில் ஒரு கையொப்பம்தான் குறைந்திருக்கும். உத்தியோகத்தருக்குக் கோபமும் இருந்திருக்காது, வேலை அவசரம்தான். ஒரு கொடுப்பனவு, ஒரு காணிப் பத்திரம், ஒரு பிறப்புச் சான்றிதழ் இப்படிப் பல மாதம் பின்தள்ளிப் போவதை எமது கிராமங்களில் அடிக்கடி கேள்விப்படுகிறோம்.

தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்கும் அலுவலகத்திலும் இந்தப் பிரச்சினை முற்றாக நீங்குவதில்லை. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சொல்லுங்க" என்பதும், நிமிர்ந்து பார்த்துச் சொல்வதும் எழுத்தில் ஒன்றுதான். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

வைத்தியசாலையில் இது இன்னும் கூர்மையாகிறது. 2002இல் அம்படியும் சக ஆய்வாளர்களும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நோயாளிகளுடன் பேசிய ஒலிப்பதிவுகளிலிருந்து 10 விநாடித் துண்டுகளை எடுத்து, சொற்கள் விளங்காதவாறு வடிகட்டி, குரலின் தொனியை மட்டும் கேட்கச் செய்தார்கள். அதிகாரத் தொனி கூடுதலாக ஒலித்த நிபுணர்களே நோயாளிகளால் வழக்குத் தொடரப்பட்டிருந்தவர்கள் வரிசையில் அதிகம் காணப்பட்டார்கள். நோயாளிக்கு வைத்தியரின் திறமையை அளக்கத் தெரியாது. தன்னை அவர் மனிதராக மதித்தாரா என்பது தெரியும். அதிகாரத் தொனியில் பேசும் வைத்தியரிடம் நோயாளி பாதி விபரத்தை மறைத்துவிடுகிறார் என்பதையும் நாம் அனுபவத்தில் காண்கிறோம். மாத்திரையைச் சரியாகக் குடிக்கவில்லை என்பதை யார்தான் அதட்டும் குரலுக்கு முன்னால் சொல்வார்கள்?

இந்த இடத்தில் 'அபஸ' அத்தியாயத்தின் பின்னணியை நினைவூட்ட விரும்புகிறேன். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) வந்தபோது முகம் சுளிக்கப்பட்டதற்காக அல்லாஹ் வசனங்களை இறக்கினான். அந்தச் சுளிப்பைக் காணும் கண் அவருக்கு இல்லை. அவர் காணாத முகபாவமும் கவனிக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. மக்களிடமிருந்து முகத்தைத் திருப்பாதே, நடையில் நடுநிலை பேணு, குரலைத் தாழ்த்து என்று லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசமும் குர்ஆனில் உண்டு. முகம், நடை, குரல் ஆகிய மூன்றும் உடல்மொழியின் பிரதான பகுதிகள். எமது பள்ளிவாசல்களில் புன்னகையும் தர்மம் என்ற ஹதீஸை அடிக்கடி கேட்கிறோம். அது கருமபீடத்துக்குப் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதுதான்.

நேர்முகப் பரீட்சையில் கண்ணும் கையும்

எமது பிள்ளைகள் கொழும்பில் அல்லது வெளிநாட்டு நிறுவனங்களில் நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது இரண்டு சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது பார்வை. பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதையே நாம் மரியாதையாகக் கற்பிக்கிறோம். நேர்முகக் குழுவில் உள்ளவர் அதைத் தன்னம்பிக்கையின்மை என்றோ எதையோ மறைப்பதாகவோ எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பண்பாடும் பிழையல்ல, குழுவின் எதிர்பார்ப்பும் முற்றிலும் பிழையல்ல. இரண்டு வழக்கங்கள் சந்திக்கும் இடம் அது. விடையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கேட்டவரைப் பார்த்தால் போதும், இடையில் யோசிக்கும்போது பார்வை விலகுவது இயல்பு என்று நான் உயர்தர மாணவர்களுக்குச் சொல்கிறேன். கண்கொட்டாமல் முறைத்துப் பார்க்கப் பழக்கும் செயலமர்வுகள் வேறொரு சங்கடத்தை உருவாக்குகின்றன.

இரண்டாவது கைகுலுக்கல். எமது பெண் பிள்ளைகளிடம் குழுவிலுள்ள ஆண் ஒருவர் கையை நீட்டினால் அவர்கள் தடுமாறுகிறார்கள். பாதி நீட்டி இழுப்பதும் பார்வையைத் திருப்புவதும் எதிரில் இருப்பவருக்கு அவமதிப்பாகத் தோன்றக்கூடும். வலது கையை நெஞ்சில் வைத்து, முகத்தைப் பார்த்து, சிறு புன்னகையுடன் தலையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை. முகத்திரை அணிபவராக இருந்தால் கையும் குரலும் அந்தப் புன்னகையின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மறுப்பல்ல, இது எங்கள் வணக்கமுறை என்பது தயக்கமின்றிச் செய்யும்போதுதான் தெரியும். இதை வீட்டில் நான்கைந்து முறை செய்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம். நாவிதன்வெளியில் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் அருகருகே இருக்கின்றன. கைகூப்பும் வணக்கத்துக்கு நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கொழும்பில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்வர்ட் ஹோல் என்ற மானிடவியலாளர் 1966இல் எழுதிய நூலில், நெருங்கிய உறவுக்கு ஏறக்குறைய 45 சென்றிமீற்றர், நட்புக்கு 1.2 மீற்றர் வரை, தொழில்சார் பேச்சுக்கு 3.6 மீற்றர் வரை என்று அளவுகள் கொடுத்தார். அவர் பார்த்தது அமெரிக்காவின் ஒரு பகுதியினரை. எல்லா ஊருக்கும் இவை பொருந்தும் என்று அவரே சொல்லவில்லை. கல்முனைச் சந்தையிலும் பஸ்ஸிலும் இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் ஓர் அடி பின்வாங்கினால் நாம் ஓர் அடி முன்னேறக் கூடாது என்ற பாடம் எங்கும் பொருந்தும்.

பதற்றம் குற்றமல்ல

இதுவரை சொன்னவை உடல்மொழியை நாம் நன்றாகப் பயன்படுத்துவது பற்றியவை. பிறரின் உடல்மொழியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்க மாட்டார் என்பது உலகம் முழுவதும் பரவியுள்ள நம்பிக்கை. 58 நாடுகளில் மக்களிடம் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வில் இந்த விடையே மிக அதிகமாகக் கிடைத்தது. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பார்வை விலகுவதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு காணப்படவில்லை. 2006இல் சார்ள்ஸ் பொன்ட், பெல்லா டிபோலோ ஆகிய இருவரும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தீர்ப்புகளை ஒன்று திரட்டினர். உண்மையையும் பொய்யையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தறிந்தது சராசரியாக 54 வீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 வீதம் கிடைக்கும்.

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்துச் சந்தேக நபர்களைக் கண்டறியும் திட்டம் ஒன்று பெரும் செலவில் நடத்தப்பட்டது. அந்நாட்டின் அரச கணக்காய்வு அலுவலகம் 2013இல் அதை ஆராய்ந்து, இப்படிக் கண்டறிவது தற்செயலாகக் கிடைக்கும் விடையைவிடச் சிறிதளவே மேலானது அல்லது அதற்குச் சமம் என்று சொல்லி, அதற்கான நிதியை மட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. முகத்தை வைத்து உணர்வை அறிவது பற்றியும் இதே நிலைதான். போல் எக்மன் 1960களின் இறுதியில் பப்புவா நியூகினியின் போரே மக்களிடம் சென்று, மகிழ்ச்சி, கோபம், துக்கம் போன்ற முகபாவங்கள் எல்லா மனிதருக்கும் பொதுவானவை என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் 2019இல் லிசா பெல்ட்மன் பரட் தலைமையிலான ஆய்வாளர்கள் கிடைத்த சான்றுகள் அனைத்தையும் மீளாய்வு செய்து, முகத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உணர்வை உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள்.

இந்தக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தப் பாடம் ஏன் முக்கியம் என்று நான் விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் அயல் கிராமத்துத் தமிழ் இளைஞர்கள் சோதனைச் சாவடியில் நின்று வியர்த்ததை நாம் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 29 முதல் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் முகத்தை மூடும் ஆடை தடை செய்யப்பட்ட நாட்களில், தலையை மட்டும் மறைத்த எமது பெண்களும் பதற்றத்தோடுதான் வெளியே போனார்கள். கை நடுங்குவதும் வார்த்தை தடுமாறுவதும் பயத்தின் அடையாளங்கள். பயம் குற்றவாளிக்கும் வரும், நிரபராதிக்கும் வரும். சந்தேகிக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்த நிரபராதிக்குக் கூடுதலாகவே வரும். இதைத் துப்பாக்கி பிடித்தவர் மட்டும் விளங்கினால் போதாது. பணம் காணாமல் போன வகுப்பில் தலை குனிந்த பிள்ளையை உற்றுப் பார்க்கும் ஆசிரியரும், கடையில் வேலை செய்யும் பையனை விசாரிக்கும் முதலாளியும் விளங்க வேண்டும்.

மௌனத்தின் பொருள்

உடல்மொழியில் மிகவும் பிழையாக வாசிக்கப்படுவது மௌனம்தான். எமது சமூகத்தில் அதன் விளைவு பெரியது.

கன்னிப் பெண்ணிடம் திருமணச் சம்மதம் கேட்கப்பட வேண்டும், அவள் வெட்கத்தால் மௌனமாக இருந்தால் அது சம்மதம் என்ற ஹதீஸை எல்லோரும் அறிவோம். அதன் முதற் பகுதி பல வீடுகளில் மறந்துபோகிறது. கேட்கப்பட்ட பின் வரும் மௌனம்தான் அங்கு பேசப்படுவது. கேட்கப்படாத மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் கொள்ள அதில் இடமில்லை. அந்த மௌனத்தோடு வரும் அழுகை, சிரிப்பு ஆகியவை எதைக் காட்டுகின்றன என்று பிக்ஹ் அறிஞர்கள் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அழுகையிலும் வெறுப்பின் அழுகை வேறு, பிரிவின் அழுகை வேறு என்று அவர்கள் கவனித்தார்கள். தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் திருமணத்தை நபியவர்கள் ரத்துச் செய்த செய்தி புகாரியில் உள்ளது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அமைந்த பதிவு முறையில் மணமகனும் வலியும் கையொப்பமிடுவர். மணமகளின் கையொப்பத்துக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல் அறிக்கை கையளித்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழுவின் காலத்திலிருந்து இன்றுவரை இந்தச் சட்டத்தின் பல விடயங்கள் பற்றிக் கருத்து மோதல்கள் தொடர்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் இங்கு நான் போகவில்லை. இந்த ஒரு விடயத்தில், நான் அறிந்த தொடர்பாடல் பாடத்தின்படி, என் கருத்து தெளிவானது. கையொப்பம் என்பது விரல்காட்டி எண்ணுவதைப் போன்ற திட்டமான குறி. மௌனம் அப்படியல்ல, அதை வாசிப்பவர் தம் விருப்பத்துக்கு ஏற்ப வாசிக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் இடத்தில் திட்டமான குறியைப் பெற்றுக்கொள்வது கேட்க வேண்டும் என்ற கட்டளையைப் பலப்படுத்தும், பலவீனப்படுத்தாது.

சாதாரண தர வகுப்பில் இருக்கும் மாணவி ஒருத்தி திடீரென்று பேச்சைக் குறைத்து, கொப்பியில் எழுதாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அனுபவமுள்ள எந்த ஆசிரியைக்கும் மனதில் ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்வியை மனதோடு வைத்திருக்காமல், தனியாக அழைத்து, அமைதியாகக் கேட்பதே எமது கடமை.

நாம் செய்யக் கூடியவை

எல்லாவற்றையும் தொகுத்தால் மூன்று விடயங்களைச் சொல்லலாம்.

ஒன்று, அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரின் உடல்மொழிக்குத்தான் எடை கூட. ஆசிரியர், வைத்தியர், உத்தியோகத்தர், மேலாளர், பெற்றோர், பள்ளிவாசல் நிருவாகி ஆகியோரின் சிறு முகச்சுளிப்பு எதிரில் நிற்பவருக்குப் பெரிய செய்தியாகப் போய்ச் சேரும். நிமிர்ந்து பார்ப்பது, முழு உடலோடும் திரும்பிக் கேட்பது, 3 விநாடி பொறுப்பது ஆகியவற்றுக்குச் செலவில்லை. நபியவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முழுமையாகத் திரும்புவார்கள் என்று அவர்களின் தோற்றத்தை வர்ணித்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, முக்கியமான விடயத்தைச் சைகைக்கு விட்டுவிடக் கூடாது. எந்தப் பத்திரம் குறைகிறது, எந்தத் திகதியில் வர வேண்டும், மாத்திரையை எத்தனை தடவை குடிக்க வேண்டும் என்பவற்றை வாயால் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். மொழி தெரியாதவருக்கு அவர் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இது அவரது உரிமை.

மூன்று, பிறரின் உடல்மொழியைக் கண்டு கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. "முகம் வாடியிருக்கு, என்ன மகள்?" என்பது கேள்வி. "முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நீதான் எடுத்திருக்கிறாய்" என்பது தீர்ப்பு. இரண்டுமே ஒரே முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. முதலாவது பிள்ளையின் வாயைத் திறக்கும், இரண்டாவது மூடிவிடும்.

அடுத்த முறை செயலமர்வில் அந்த வட்ட வரைபு திரைக்கு வரும்போது, பிள்ளைகள் கையை உயர்த்தி, "சேர், இந்தக் கணக்கு எந்த ஆய்வில் வந்தது?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வளவாளர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், அன்றைய செயலமர்வில் உடல்மொழி பற்றிய நல்ல பாடம் அதுவாகவே இருக்கும்.